அக்கா பையனுக்காக லினக்ஸில் கார் ஓட்டிய கதை

கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது லினக்ஸ். கேரளத்துப் பள்ளிகளில் ஐடி பாடமே அதில்தான், தமிழ் மீடியமானாலும் அதேதான். விண்டோஸ் போடக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பையனுக்கோ ஒரு பழைய கார் ரேஸ் ஆட்டம் வேண்டும், அது விண்டோஸுக்கு மட்டும் வந்தது. "ஓடாதுங்களா மாமா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டபோது வாய் சும்மா இல்லாமல் ஓட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆட்டங்களை வாங்கி இறக்கித் தரும் ஸ்டீமைப் போட்டு, செட்டிங்ஸில் எல்லா ஆட்டத்துக்கும் ப்ரோட்டானை (விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓடவைக்கும் கருவி) ஆன் செய்து, ராத்திரி முழுக்க ஆட்டத்தை இறக்கி, காலையில் ப்ளேயை அழுத்தினால் இரண்டு நொடி ஓடுவதுபோல் காட்டிவிட்டுப் பழைய நிலைக்கே வந்துவிட்டது. உள்ளே இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய என்விடியாவின் ஜிடி 710 கிராஃபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் டிரைவரோ லினக்ஸோடு வரும் நூவோ. நூவோவை எடுத்துவிட்டு என்விடியாவின் 470 டிரைவரைப் போட்டேன். அப்போதும் அதே கதை.

அப்புறம்தான் புத்தி வந்து லாஞ்ச் ஆப்ஷனில் ப்ரோட்டான் லாக்கை (என்ன நடந்தது என்று எழுதி வைக்கும் பதிவு) ஆன் செய்தேன், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஹோம் ஃபோல்டரில் விழுந்த லாக்கைப் படித்தால், வல்கன் 1.2 வரை மட்டும் தெரிந்த கார்டைத் தவிர்த்துவிட்டேன் என்று ஒரு வரி. வல்கன் என்பது ஆட்டங்கள் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் ஒரு மொழி மாதிரி. விஷயம் இதுதான்: ஆட்டம் பேசுவது விண்டோஸின் மொழியான டைரக்ட்எக்ஸ் 11, அதை வல்கனாக மாற்றித் தருவது ப்ரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே. 2022-இல் வந்த அதன் 2.0 பதிப்பிலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். 470 டிரைவரில் இந்தக் கார்டுக்குக் கிடைப்பது 1.2 மட்டும். ப்ரோட்டான் 8-லிருந்து புது டிஎக்ஸ்விகேதான் வருகிறது, 7-இல் பழையதே இருக்கிறது.

சரி, ஆட்டத்தின் ப்ராப்பர்ட்டீஸில் போய் ப்ரோட்டான் 7.0-ஐத் தேர்ந்தெடுத்தேன். ஓடியது! ஷேடர் (காட்சியை வரையும் சின்ன நிரல்கள்) தயாராகிற வரை முதல் ரேஸில் வளைவுக்கு வளைவு திக்கியது, ரெசல்யூஷனை 720-க்கு இறக்கிய பிறகு பரவாயில்லை.

அடுத்த நாளே பையன் வேறொரு ஆன்லைன் ஆட்டத்தைக் கேட்டான். அதில் சிஸ்டத்தின் அடிமட்டமான கெர்னல் வரை இறங்கும் ஆன்டி-சீட் (கள்ளாட்டம் ஆடுவதைத் தடுப்பது) இருக்கிறது, ப்ரோட்டானை எப்படி மாற்றினாலும் நடக்காது. அதற்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடுகிறான்.