பனிக்காலத்தில் இளைக்கும் குதிரை

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் மேலாளராக நான் இருந்த காலத்தில், காய்பறிப்பு, கூலிக் கணக்கு இவற்றோடு லாயத்தில் நின்ற இரண்டு குதிரைகளும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன. மூத்த பெண்குதிரைக்கு 18 வயது. ஐப்பசி மழையில் தொடங்கி மார்கழிப் பனி முடிவதற்குள் அது ஆண்டுதோறும் இளைத்துவிடும். பனிக்கு இளைக்கும், சித்திரையில் தேறிவிடும் என்று எல்லாரும் சொன்னதை நானும் நம்பி, முதல் ஆண்டை அப்படியே கழித்தேன்.

பனிக்காலத்தில் ரோமம் அடர்ந்துவிடுவதால் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாது. கையை அழுத்தித் தடவினால்தான் அகப்படும். இரண்டாம் ஆண்டு அளவுநாடாவை எடுத்தேன். மார்புச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். நீளம் 145, ஐப்பசியில் 156ஆக இருந்த சுற்றளவு மார்கழி நடுவில் 150. அதாவது, 297 கிலோ இருந்த குதிரை 275 கிலோவுக்கு இறங்கியிருந்தது.

பதறிப்போய்க் கொள்ளின் அளவைக் கூட்டினேன். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சிறுவயதிலிருந்து கேட்டவன்தான். கொள்ளில் புரதம் உண்டு, கொழுப்பு மிகக் குறைவு என்பது அப்போது உறைக்கவில்லை. பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலத்துக்குப் போய், ஈரல் டானிக், புரதத் தூள், தாது உப்பு என்று மூன்று டப்பாக்களை வாங்கி வந்தேன். மூன்று வாரம் கொடுத்தும் நாடா அசையவில்லை.

“மருந்து இருக்கட்டுங்க சார், மொதல்ல பல்லப் பாருங்க” என்று சொன்னவர் எங்கள் குதிரைக்காரர். தொட்டியின் அடியிலிருந்து அவர் எடுத்துக் காட்டியவை, விழுங்க முடியாமல் மென்று துப்பிய புல் உருண்டைகள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது. அதனால் கடைவாய்ப் பற்கள் சமமாகத் தேயாமல், மேல்வரிசை வெளிப்பக்கமும் கீழ்வரிசை உட்பக்கமும் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் அறுக்கும். கால்நடை மருத்துவர் வந்து அரத்தால் ராவிவிட்ட பிறகுதான் அது முழுவாய் மென்றது.

அடுத்து, புல்லை நிறுத்துப் பார்த்தேன். அதுவரை கணக்கு எல்லாம் கட்டுக்கணக்கு. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மழைக்காலத்துக் கட்டில் இலைமேல் ஒட்டிய ஈரமும் சேரும். தராசில் 12 கிலோ காட்டிய கட்டில் உலர்ந்த தீவனம் இரண்டரைக் கிலோ தேறினால் அதிகம். 275 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் 2 சதவீதம், அதாவது நாலு முதல் ஐந்தரைக் கிலோ வரை உலர்தீவனம் வேண்டும். காய்பறிப்பு மும்முரத்தில் புல் அறுக்க ஆளும் குறைந்துவிட, நாங்கள் அந்தக் குதிரையைப் பாதி வயிற்றோடு நிறுத்திவைத்து டானிக் ஊற்றியிருக்கிறோம். நார்த்தீவனம் பெருங்குடலில் நொதிக்கும்போது எழும் சூடுதான் குளிர்காலத்தில் குதிரையின் கணப்பு. அதையும் சேர்த்தே குறைத்திருந்தோம்.

உலர்ந்த அருகம்புல்லை மலைக்குக் கீழிருந்து வரவழைத்து, குதிரை வயிறாரத் தின்ற பிறகே மேல்தீவனத்தைப் பற்றி யோசித்தேன். அரிசித் தவிட்டில் கொழுப்பு உண்டு, ஆனால் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். அதையே நம்பி நீண்ட நாள் கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியம் உருகி முகம் வீங்கும். மாட்டுக்காக நட்டிருந்த கம்பு நேப்பியர் புல்லிலும் கால்சியத்தை உடலில் சேரவிடாத ஆக்சலேட் இருப்பதால் இதே தொல்லைதான். எனவே தவிட்டைக் குறைத்து, கால்சியம் மிகுந்த குதிரைமசால் என்ற தீவனப் பயிரைச் சேர்த்தேன். பெயரிலேயே குதிரை இருந்தும் அது கடைசியில்தான் என் நினைவுக்கு வந்தது. கடலைப் புண்ணாக்கு அந்த மூடுபனியில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் தொடவில்லை. கடைக்காரர் தள்ளப் பார்த்த கோழித்தீவனத்தையும் மறுத்தேன். அவற்றில் சிலவற்றில் சேர்க்கும் மோனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தையே கெடுத்துக் கொன்றுவிடும்.

எடையை ஏற்றியது கடலை எண்ணெய். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, பித்தநீர் சிறிது சிறிதாக ஓயாமல் ஊறும். ஆகையால் எண்ணெயை எடுத்த எடுப்பில் ஊற்றக் கூடாது. ஊறவைத்த தீவனத்தில் 25 மில்லியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 150 மில்லிக்குக் கொண்டுவந்து, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம். குளிர்ந்த நீரை அது சரியாகக் குடிக்காததால், காலையில் வெதுவெதுப்பான நீரும் வைத்தோம்.

பங்குனியில் நாடா 155 காட்டியது. மூன்று டப்பாக்களில் தாது உப்பை மட்டும் தொடர்ந்தேன். மறு ஆண்டு புரட்டாசியிலேயே பல்லைப் பார்க்க மருத்துவரை அழைத்தோம். லாயத்து வாசலில் ஒரு தொங்குதராசையும் மாட்டினோம். புல்லுக்காரர் ஒருவாரம் முகம் சுளித்தார், பிறகு அவரே ஈரத்தை உதறிவிட்டுக் கட்டைக் கொக்கியில் மாட்டத் தொடங்கினார்.