பெறுநர்: இணையவழிக் கற்றல் தளம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு விண்ணப்பத்தால் நடக்காத காரியம் எதுவும் இல்லை. வருகைப்பதிவு குறைந்தாலும், கட்டணம் கட்டத் தாமதமானாலும், விடுதி அறையின் மின்விசிறி சுழல மறுத்தாலும், வெள்ளைத்தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முறையாக எழுதி, 'உரிய வழியாக' என்ற இரு சொற்களைச் சேர்த்துத் துறைத்தலைவரின் மேசையில் வைத்துவிட்டால், என்றைக்காவது ஒரு நாள் அதற்கு விடிவு பிறக்கும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு மனம் இருக்கிறது, அந்த மனம் மதிய உணவுக்குப் பிறகு சற்றே இளகியிருக்கும் என்பதுதான் எங்கள் நிருவாகவியலின் அடிப்படைத் தத்துவம். இப்படிப்பட்ட இடத்துக்குத்தான், யாரிடமும் விண்ணப்பம் வாங்கத் தெரியாத ஒன்றை இணையவழிக் கற்றல் தளம் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள்.

ஏன் கொண்டுவந்தார்கள் என்பதற்குச் சுற்றறிக்கையில் உயர்ந்த காரணங்கள் பல சொல்லப்பட்டிருந்தன. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை, மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான 'சுவயம்' வழியாகப் படிக்கலாம் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்ததும், கற்றல் உலகெங்கும் மாறிவருவதும் அதில் விரிவாக எழுதப்பட்டிருந்தன. சுற்றறிக்கையில் எழுதப்படாத காரணம், தரமதிப்பீட்டுக் குழுவாகிய 'நாக்' அடுத்த ஆண்டு வரவிருந்தது என்பது. தளத்துக்கான மென்பொருளாக 'மூடுல்' தேர்வானது; அது இலவசம் என்பதைக் கேட்டதும் நிதி அலுவலர் அடைந்த மகிழ்ச்சியை, எந்த ஆய்வுத் திட்டமும் அதற்கு முன்பு அவருக்குத் தந்ததில்லை.

நியாயமாகச் சொன்னால் மூடுலிடம் ஒரு குறையும் இல்லை. அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியமாஸ், மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில், பள்ளிக்கூடம் எட்டாத் தொலைவில் இருந்த ஓர் ஊரில், சிற்றலை வானொலி வழியாகப் பாடம் படித்து வளர்ந்தவர். 2002 ஆகஸ்டில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். ஆசிரியரும் மாணவரும் நூற்றுக்கணக்கான மைல் விலகியிருந்தால் என்ன செய்வது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் சுற்றறிக்கை அனுப்பிக்கொள்பவர்களுக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி அவர் சிந்தித்திருக்க வாய்ப்பில்லை.

தொடக்க விழா குறைவின்றி நடந்தது. குத்துவிளக்கு ஏற்றப்பட்டது, பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, துணைவேந்தர் சுட்டியைச் சொடுக்கித் தளத்தைத் தொடங்கிவைப்பார் என்று அறிவிக்கப்பட்டது. அவர் சொடுக்கினார். பெரிய திரையில் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றது. பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கணக்கு உருவாக்கியிருந்தார்களே தவிர, துணைவேந்தருக்குக் கணக்கு வேண்டும் என்று யாரும் விண்ணப்பிக்கவில்லை. கணினி மையத்து இளைஞர் ஓடிவந்து, பெட்டிக்குக் கீழே இருந்த 'விருந்தினராக நுழைக' என்ற பொத்தானைக் காட்டினார். பல்கலைக்கழகத்தின் தலைமகன் தம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குள் விருந்தினராக நுழைந்து, முதலில் கண்ணில் பட்ட பாடத்தைத் திறக்க முயன்றார். 'விருந்தினர்கள் இந்தப் பாடத்துக்குள் நுழைய முடியாது' என்று திரை பதிலளித்தது. அரங்கில் ஒரு கணம் அமைதி நிலவியது. பதிவாளர் சட்டென்று கைதட்டத் தொடங்க, அனைவரும் அதைப் பின்பற்றினர். மறுநாள் நாளிதழ்ச் செய்தியில் தளம் வெற்றிகரமாகத் தொடங்கிவைக்கப்பட்டதாக இருந்தது.

பிறகு பயிற்சி முகாம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அங்கே கற்றுக்கொண்டதைவிடப் படம் எடுத்துக்கொண்டதுதான் மிகுதி. இருக்கும் இடத்திலிருந்தே கற்பதற்கான தளத்தைப் பற்றிய பயிற்சிக்கு அனைவரும் ஒரே இடத்தில்தான் இருந்தோம் என்பதற்குச் சான்றாக, அட்சரேகையும் தீர்க்கரேகையும் பொறித்த ஜியோடேக் படம் கோப்புக்குத் தேவைப்பட்டது. ஜன்னல் ஓரமாக நின்றால்தான் செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைத்ததால், முகாமின் பெரும்பகுதி ஜன்னல் ஓரத்திலேயே நடந்தேறியது.

முதல் சிக்கல் பாஸ்வேர்டு வடிவில் வந்தது. குறைந்தது 8 எழுத்துகள், அவற்றில் ஒரு பெரிய எழுத்து, ஒரு சிறிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு என்பது தளத்தின் விதி. தமிழ்த்துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர், பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டே பருவங்கள் இருந்த நிலையிலும் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தவர், எழுந்து நின்று கேட்டார்: "தம்பி, எங்களிடம் வல்லினம் உண்டு, மெல்லினம் உண்டு, இடையினம் உண்டு. குறிலும் நெடிலும்கூட உண்டு. பெரிய எழுத்துக்கு நான் எங்கே போவேன்?" கணினி மையத்து இளைஞர் அனைவரின் வசதிக்காகவும் விதிக்குட்பட்ட ஒரு பாஸ்வேர்டைத் தாமே அமைத்துக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். நானறிந்தவரை பாதிப் பல்கலைக்கழகம் இன்றும் அதே பாஸ்வேர்டில்தான் இயங்குகிறது. கரும்பலகையையும் இன்னும் யாரும் துடைக்கவில்லை.

அந்த மூத்த பேராசிரியரை நான் வியந்து நோக்கியவன். தளத்தை உண்மையாகப் பயன்படுத்த முயன்ற மிகச் சிலருள் அவர் ஒருவர். அதனால்தான் அவருக்கு இவ்வளவு நேர்ந்தது. பல்லாண்டு உழைப்பில் சேர்த்த வினா வங்கியை அவர் தளத்தில் ஏற்றினார். ஏற்றியதும் திரையில் வந்து நின்றவை ஆங்கில எழுத்துகளின் கூட்டமும், கணக்கற்ற அரைப்புள்ளிகளும். அவை அனைத்தும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அத்தகைய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை என்பதால், எழுத்துரு இல்லாத இடத்துக்குச் சென்றதும் வேடம் கலைந்துவிடும். அதிலும் மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி விசையில் குடியிருந்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்குத் தமிழக அரசு 2010-இலேயே ஆணையிட்டுவிட்டது என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளிதான் வைக்கச் சொன்னார்; இது அரைப்புள்ளி வைத்து மேலே போய்க்கொண்டே இருக்கிறது," என்றார்.

எழுத்துமாற்றி கொண்டு அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றி முடித்தபின், அவர் ஒரு குறுவினாத் தேர்வு வைத்தார். 'தமிழ்த் தாத்தா என்று போற்றப்படுபவர் யார்?' என்பது ஒரு வினா. விடையாக 'உ. வே. சாமிநாதையர்' என்று தளத்துக்குச் சொல்லிவைத்திருந்தார். தளமோ சொன்னதைச் சொன்னபடி கேட்பது. 'உ.வே.சா.' என்று எழுதியவருக்குச் சுழி. 'சாமிநாத ஐயர்' என்று பிரித்து எழுதியவருக்குச் சுழி. 'சாமிநாதய்யர்' என்று எழுதியவருக்கும் சுழி. தலைப்பெழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட மறந்தவருக்கும் அதே சுழி. வகுப்பில் ஏறக்குறைய எல்லாருமே தமிழ்த் தாத்தாவை அறியாதவர்களாக அறிவிக்கப்பட்டனர். பேராசிரியருக்கு வந்தது கோபமன்று, துயரம். "சுவடி சுவடியாகத் தேடிப் பாடபேதம் பார்த்து 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்த மனிதர். அவருடைய பெயருக்கே பாடபேதம் ஏற்றுக்கொள்ளாத கருவியை வைத்துக்கொண்டு நான் எப்படித் தேர்வு நடத்துவது?"

கணினி மையத்து இளைஞர் இதற்கும் தீர்வு வைத்திருந்தார். விடையில் நட்சத்திரக் குறியிட்டால், அந்த இடத்தில் எது வந்தாலும் தளம் ஏற்றுக்கொள்ளும். பெயரின் பொதுப்பகுதியான 'சாமி' என்பதை எடுத்து, முன்னால் ஒரு நட்சத்திரம், பின்னால் ஒரு நட்சத்திரம் இட்டு, 'உ.வே.சா.' என்பதையும் தனியாகச் சேர்த்து, மறுபடியும் மதிப்பிடச் செய்தார். மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. பேராசிரியர் மகிழ்ந்து விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். ஒரு மாணவர் உள்ளதை உள்ளபடி, 'தெரியாது சாமி' என்று எழுதியிருந்தார். தளம் அதற்கு முழு மதிப்பெண் வழங்கியிருந்தது. அதைக் குறைக்கலாமா என்று நான் கேட்டபோது, "வேண்டாம், நேர்மைக்கு இருக்கட்டும்," என்று விட்டுவிட்டார்.

ஒப்படைப்புகளின் கதை வேறு. 'மாணவர்கள் கையால் எழுதினால்தான் மனத்தில் நிற்கும்' என்பது துறைத்தலைவர்களின் ஒருமித்த கருத்தாகையால், அனைவரும் தாளில் எழுதி, கைப்பேசியில் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று முடிவானது. சர்வரில் யாரும் மாற்றாமல் விட்டால், ஏற்றக்கூடிய கோப்பின் உச்ச அளவு 2 எம்பி. இன்றைய கைப்பேசியில் எடுத்த ஒரு பக்கப் படமே அதைத் தாண்டிவிடுகிறது. அளவைக் கூட்ட வேண்டுமென்றால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால் அந்த வரியைத் திருத்தக் கணினி மையத்துக்குத் துறைத்தலைவர், புலமுதன்மையர், பதிவாளர் வழியாகக் கடிதம் வர வேண்டும். கடிதம் பயணம் செய்துகொண்டிருந்த வாரங்களில், வாயிலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் 'இங்கு பிடிஎஃப் சுருக்கித் தரப்படும்' என்ற பலகை முளைத்தது. சுருக்கோ சுருக்கென்று சுருக்கியதில், எனக்கு வந்த ஒப்படைப்புகள் எறும்பு வரிசைபோல் இருந்தன. படிக்க முடியவில்லை என்று சொன்னபோது மாணவர்கள், "மூலப்பிரதி கையில் இருக்கிறது ஐயா, கொண்டுவந்து தரட்டுமா?" என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது?

கெடு நேரத்திலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. இறுதி நாள் 15 என்று குறிப்பிட்டால், நாம் நேரத்தைத் தொடாவிட்டால், தளம் அதை 15 பிறக்கும் நள்ளிரவு 00:00 மணி என்று எடுத்துக்கொள்கிறது. 15-ஆம் தேதி காலையில் குளித்து, விபூதி இட்டு, நம்பிக்கையோடு ஏற்றியவர்கள் எல்லாரும் தாமதமானவர்கள் என்று சிவப்பில் குறிக்கப்பட்டனர். தமிழ்ப் பேராசிரியர் இதைக் கடுமையாக மறுத்தார். சிறுபொழுது ஆறனுள் யாமத்தின் நட்டநடுவில் ஒரு நாளை வெட்டுவது எந்த மரபிலும் இல்லை என்றும், வைகறை வரையாவது அவகாசம் தர வேண்டும் என்றும் வாதிட்டார். மாணவர்களோ வாதிடவில்லை. 'வயிற்றுவலி காரணமாகத் தாமதமாக ஏற்றிவிட்டேன், சிவப்பு நிறத்தை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டு விண்ணப்பங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றுள் ஒன்றில் பெறுநர் என்ற இடத்தில் 'இணையவழிக் கற்றல் தளம்' என்றும், வழி என்ற இடத்தில் துறைத்தலைவர் என்றும் எழுதியிருந்தது. துறைத்தலைவர் அதில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று கையெழுத்தும் இட்டிருந்தார்.

ஆனாலும் பருவத்தின் இறுதியில் வந்த பயன்பாட்டு அறிக்கை எங்கள் துறையை வானளாவப் புகழ்ந்தது. தளத்தை மிகுதியாகப் பயன்படுத்திய ஆசிரியர்கள் பட்டியலில் எங்கள் பேராசிரியர்கள் அனைவரும் இடம்பெற்றிருந்தனர். நள்ளிரவு கடந்தும் பலர் பணியாற்றியதாகத் தெரிந்தது. தளத்தின் பதிவேடு யார், எப்போது, எந்த இணைய முகவரியிலிருந்து நுழைந்தார் என்பதையெல்லாம் குறித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதைக் கூர்ந்து பார்த்தால், அத்தனை பேராசிரியர்களும் வரிசையாக ஒருவர்பின் ஒருவராக, விடுதியின் ஒரே இணைய முகவரியிலிருந்து நுழைந்திருந்தார்கள். அவ்வளவு பேரும் ஒருவரே; எங்கள் துறையின் முழுநேர ஆய்வாளர். ஒவ்வொரு பேராசிரியரும் தத்தம் பாஸ்வேர்டை, அதாவது கரும்பலகையில் இருந்ததை, தனித்தனியே அவர் காதில் இரகசியமாகச் சொல்லி ஒப்படைத்திருந்தனர். அவர் காலை மூன்று பேராசிரியர்களாகவும், மாலை இரண்டு பேராசிரியர்களாகவும், இரவில் எஞ்சியவர்களாகவும் வாழ்ந்துவந்தார். ஒரு முறை கருத்தாடல் பகுதியில் தாம் ஒருவராக எழுப்பிய கேள்விக்குத் தாமே இன்னொருவராகப் பதில் சொல்லி, மூன்றாமவராக அதைப் பாராட்டியும் இருந்தார். அந்த உரையாடலைத் தரமதிப்பீட்டுக் கோப்பில் 'துறைக்குள் நிலவும் ஆரோக்கியமான கல்விசார் விவாதம்' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறார்கள். உண்மையில் அது நல்ல விவாதம்தான். எங்கள் துறைக் கூட்டங்களில் அவ்வளவு கேட்டதில்லை.

இப்போது தளம் எங்கள் முறைமைக்குள் நன்றாகவே அடங்கிவிட்டது. இணையத்தில் ஏற்றிய ஒப்படைப்புகளை அச்செடுத்து, துறைத்தலைவரின் கையெழுத்துடன் கோப்பில் வைக்க வேண்டும் என்று புதிய சுற்றறிக்கை வந்துள்ளது. பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கென்று இரு படிகளில் நிரப்பி உரிய வழியாக அனுப்ப வேண்டிய படிவம் ஒன்றும் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தளத்துக்குள் நுழைந்து அதைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். நுழைய முடியாதவர்கள் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குச் சென்றால் போதும். சாதிச் சான்றிதழ்ப் படிவத்துக்குப் பக்கத்தில் கட்டாக வைத்திருக்கிறார்கள், ஒரு படி 2 ரூபாய். நான் போனபோது கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சார், மாணவருக்கா, பேராசிரியருக்கா? பேராசிரியருக்கு வேறு கலர்," என்றார்.