காய்ச்சல் என்று ஒரே சொல்
மஞ்சக்குப்பம் பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டியில் கொள்ளுத்தாத்தாவின் நோட்டு கிடைத்தது. பிள்ளைகள் ஒன்பது பேர், அதில் நாலு பேருக்கு எதிரே ‘காய்ச்சல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார், ஒன்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை.

அந்தக் காலத்து அரசாங்கப் பதிவேடும் ஏறக்குறைய இப்படித்தான். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-லேயே வந்துவிட்டது, ஆனால் கிராமத்தில் எழுதியவர் மணியக்காரர், டாக்டர் இல்லை. வாந்திபேதியும் பெரியம்மையும் பார்த்தாலே தெரியும், மலேரியா, டைபாய்டு, நிமோனியா எல்லாம் ‘காய்ச்சல்’ என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடும். அதனால் அந்தக் காலத்து ‘ஆயிரத்துக்கு இத்தனை சாவு’ என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். ஒழுங்காகப் பதிந்த ஊரில் சாவு அதிகம் போலத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்தில் வெளியூர் நோயாளிகளின் சாவும் அந்த நகரத்துக் கணக்கிலேயே ஏறும்.

வாந்திபேதியும் டைபாய்டும் கெட்ட தண்ணீரில் பரவுகிறவை, ஆனால் சென்னைக்கே செங்குன்றம் ஏரித் தண்ணீர் மணல் வடிகட்டி வழியாகக் கீழ்ப்பாக்கத்திலிருந்து வர ஆரம்பித்தது 1914-ல்தான். நாலே வருஷத்தில் விஷக்காய்ச்சல், அதாவது ‘ஸ்பானிஷ் ஃப்ளூ’, வந்து நாடு முழுக்க ஒரு கோடிக்கு மேல் வாரிக்கொண்டு போனது, 1921 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 1911-ஐவிடக் குறைந்தே போயிருந்தது.

நோட்டில் கடைசிக் ‘காய்ச்சல்’ 1918 ஐப்பசி. அது அந்தக் காய்ச்சல்தானா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். “அவளுக்கு அப்ப ரெண்டு வயசுன்னு பாட்டி சொல்லும்” என்றார், அவ்வளவுதான்.