ஹைலைட்டில் தெரியும் குறை கத்தியெடுத்த அன்றே விழுந்தது

மினியேச்சர் என்னும் சின்ன பிளாஸ்டிக் வீரனின் நீலக் கவச விளிம்பில் வெளிர்நீலக் கோடு (ஹைலைட்) இழுத்துக்கொண்டிருக்கும்போது, தொடையின் பக்கவாட்டில் மெல்லிய வரப்பு ஒன்று தட்டுப்படும். அதுதான் மோல்டு லைன். உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் எஃகு அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் கசிந்து உறைந்தது. சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே படாது. வண்ணம் பூசினால் மறைந்துவிடும் என்று நினைத்தால் நடப்பது நேர்மாறு. வாஷ் (இடுக்குகளில் நிழல் சேர்க்கும் நீர்த்த வண்ணம்) அதன் ஓரத்தில் தேங்கும். டிரை பிரஷ் (வண்ணத்தைத் துடைத்தெடுத்த, பாதி உலர்ந்த பிரஷ்) அதன் முகட்டைத் தேடிப்பிடித்து வெளுக்க வைக்கும். மினியேச்சர் வேலையில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டும். அதனால் இந்தப் பதிவில் பாதி, வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியது.

எடுத்துக்காட்டுக்கு, மேசை மேல் சின்ன உருவங்களைப் படையாக நிறுத்தி ஆடும் வார்ஹேமர் 40,000 விளையாட்டுக்காக நாட்டிங்ஹாமின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 2017-இல் வெளியிட்ட பிரைமாரிஸ் இன்டர்செஸர் பெட்டி. 10 வீரர்கள், 32 மி.மீ. வட்ட பேஸ் (உருவம் நிற்கும் தட்டு), அல்ட்ராமரீன் படையின் நீலம். பெரிய, வழவழப்பான கவசம் என்பதால் தவறு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கற்றுக்கொள்ள இதைவிட நேர்மையான உருவம் கிடையாது.

ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) பாகத்தை வெட்டும்போது இரண்டு வெட்டு போடுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி. இரண்டாவது வெட்டில் கட்டரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மிச்சமிருக்கும் துணுக்கைக் கத்தியால் சீவலாம். ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் பிளாஸ்டிக் வளைந்து, வெளுத்து, பாகத்துக்குள் சின்னக் குழி விழும். துருத்திக்கொண்டிருப்பதைச் சீவலாம், குழியை அடைக்கத்தான் வேண்டும். கையால் முறுக்கிப் பிய்ப்பது வேண்டவே வேண்டாம்.

மோல்டு லைனை எடுக்கக் கைவினைக் கத்தியின் 11-ஆம் எண் பிளேடின் முதுகே போதும், கூர் தேவையில்லை. முதுகைக் கோட்டுக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக வைத்து, ஒரே திசையில், அழுத்தாமல் சுரண்டுங்கள். அழுத்தினால் பிளேடு துள்ளித் துள்ளிப் போய் படிக்கட்டு போல வரிகள் விழும். தலைக்கவசத்தின் இரு பக்கம், தொடையின் வெளிப்புறம், துப்பாக்கியின் மேல்பகுதி, முதுகுப்பையின் குழல்கள், இந்த நான்கையும் தவறாமல் பாருங்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் வரப்பின் நிழல் விழும். கண்ணை நம்பாவிட்டால் நகத்தால் குறுக்கே தடவுங்கள், தட்டும். கடைசியாக 600 அல்லது 800-ஆம் எண் உப்புத்தாளை நனைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும்.

பசை விஷயத்தில் பலர் குழம்புவது பெயரால். பிளாஸ்டிக் சிமெண்ட் ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரு பக்கத்துப் பாலிஸ்டைரீனும் இளகி, கலந்து, ஒரே துண்டாக உறையும். அதனால் அது ரெசினிலோ (வார்ப்புப் பிசின்) உலோகத்திலோ வேலை செய்யாது. அவற்றுக்கு சூப்பர் குளூதான். டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற தண்ணீர்ப் பதச் சிமெண்டை, முதலில் இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் பிரஷ் நுனியைத் தொட்டு விட்டால் தானே உள்ளே ஓடிவிடும். அப்போது விரல் இடுக்கின் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் சிமெண்ட் விரலுக்கடியிலும் ஓடி, கவசத்தில் கைரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. கடலோர ஊர்களில் சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆனால் புழுக்கமான அறையில் அதன் ஆவி மூட்டைச் சுற்றி வெள்ளைப் பூச்சாகப் படியும். துளி அளவு போதும், மின்விசிறிக் காற்றும் கொஞ்சம் படட்டும்.

ரெசின் பாகமென்றால் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். அச்சிலிருந்து கழன்று வரத் தடவும் வழுக்குப் பொருள் மிச்சமிருந்தால் பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) தோல் உரிவது போல உரியும். ரெசினை நனைத்தே தேயுங்கள், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கனமான உலோகக் கையென்றால் 1 மி.மீ. துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியை ஆணியாகச் செருகி ஒட்ட வேண்டும்.

ஒட்டிய காலின், துப்பாக்கியின் நடுவே ஓடும் இடுக்கை அடைக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சிமெண்ட் புட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது ஸ்ப்ரூவைப் பொடிப்பொடியாக நறுக்கி உள்ளே போட்டுவையுங்கள். ஓர் இரவில் தேன் பதத்துக்கு வந்துவிடும். அதை இடுக்கில் கொஞ்சம் மேடாகத் தடவி (காயும்போது சுருங்கும்), ஒரு நாள் விட்டுச் சுரண்டினால் இணைப்பே தெரியாது, அதுவும் அதே பிளாஸ்டிக் என்பதால். பெரிய குழிக்கு கிரீன் ஸ்டஃப் (இரண்டு பொருளைப் பிசைந்தால் இறுகும் பச்சை மக்கு). எம்-சீல் பேஸில் பாறை செய்ய நன்றாக இருக்கும், முகத்தருகே கொண்டுபோக வேண்டாம்.

முழுவதும் ஒட்டிவிட்டு வண்ணமா, பிரித்து வைத்து வண்ணமா? இன்டர்செஸர் துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடித்திருப்பதால் மார்பிலுள்ள கழுகு பாதி மறைந்துவிடும். என் கருத்து: சாதாரண வீரனுக்கு முதுகுப்பையை மட்டும் தனியாக வையுங்கள், மற்றதை ஒட்டிவிடுங்கள். பிரஷ் எட்டாத இடத்தைக் கண்ணும் எட்டாது. தலைவனுக்கு மட்டும் தலையையும் கைகளையும் பிரித்து வைக்கலாம். பிரித்து வைத்தால் ஒட்ட வேண்டிய முகத்தில் ப்ளூ டாக் (ஒட்டிப் பிரிக்கக்கூடிய பிசுபிசுப்பு மக்கு) துணுக்கு ஒன்றை ஒட்டிவிட்டு பிரைமர் அடியுங்கள். நடுவில் வண்ணம் இருந்தால் சிமெண்ட் பிளாஸ்டிக்கைத் தொடவே முடியாது, மூட்டு பிறகு கழன்று விழும்.

இனி பிரைமர். நம் ஊரில் அதிகம் கெடுவது இங்கேதான், காரணம் வானிலை. ஸ்ப்ரே டப்பாவிலிருந்து கிளம்பும் துளி ஈரமாகவே உருவத்தில் போய் விழ வேண்டும். சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் பாதி வழியிலேயே காய்ந்து, மாவு தூவியது போலச் சொரசொரப்பாகப் படியும். தூரம் அதிகமானாலும் இதே கதைதான். 20 முதல் 30 செ.மீ. சரி. கிட்டப் பிடித்தால் தண்ணீராய்த் தேங்கி நுணுக்கங்களை மூடும். மழைக்காலத்தில் வேறு சிக்கல்: காற்றின் ஈரம் காயாத பூச்சில் புகுந்து பால் படிந்தது போல வெளுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலோரத்தில் ஸ்ப்ரேயை மறந்துவிடுங்கள். வாலேஹோ நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமரைப் பிரஷால் இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு நாள் காயவிடுதல், எந்த வானிலையிலும் தவறாது. நல்ல நாளென்றால் காலை பத்து மணி வாக்கில், பனி ஈரம் விலகி வெயில் ஏறும் முன், காற்று வீசாத மொட்டை மாடி மூலை. டப்பாவை 2 நிமிடம் குலுக்குங்கள். முதல் வீச்சை உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். குழாய் திறக்கும்போதும் மூடும்போதும்தான் சொட்டு தெறிக்கும்.

கார், பைக்குக்கான பிரைமரை வாங்கினால் முதலில் வெற்று ஸ்ப்ரூவில் அடித்துப் பாருங்கள். சில டப்பாக்களின் கரைப்பான் பாலிஸ்டைரீனை அரிக்கும்.

முழுக்கக் கறுப்பு அடித்துக் காய்ந்ததும், மேலிருந்து சாய்வாக வெள்ளையோ வெளிர் சாம்பலோ லேசாக அடித்தால் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே என்ற வரைபடம் கிடைக்கும். அதைவிடப் பெரிய பயன், விட்டுப்போன மோல்டு லைன்கள் எல்லாம் இப்போது பளிச்சென்று தெரியும். இங்கேயே சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் தொட்டு வைப்பது ஐந்து நிமிட வேலை.

வண்ணத்தில் முதல் எதிரி தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. அக்ரிலிக் பிரஷ் நுனியிலேயே காய்ந்து, அடுத்த இழுப்பில் திட்டுத்திட்டாக விழும். விசிறியைக் குறைத்து, ஈரத் தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள்: மூடியுள்ள டப்பா, நனைத்த ஸ்பான்ஜ், மேலே பேக்கிங் பார்ச்மென்ட். மெழுகு பூசிய தாளில் ஈரம் ஏறாது, வண்ணம் மேலேயே காய்ந்துவிடும். நம் வெக்கையில் நான்கைந்து நாளில் பூஞ்சை வாடை வரும், ஸ்பான்ஜை அலசி மாற்றுங்கள்.

அடி நிறம் மக்ராக் ப்ளூ என்னும் ஆழ்ந்த நீலம். நீரோடு கலந்து கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுங்கள். பிரஷ் வரிகள் தெரிந்தால் கெட்டி, கோட்டை விட்டு ஓடினால் நீர் அதிகம். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். பயந்து அங்கேயே மறுபடி தடவாதீர்கள், பாதி காய்ந்த தோல் கிழியும். முழுதாகக் காய்ந்தபின் இரண்டாவது, வேண்டுமானால் மூன்றாவது பூச்சு.

வாஷை முழுக்கக் குளிப்பாட்டுவது சங்கிலிக் கவசத்துக்கும் ரோமத்துக்கும் சரி. வழவழப்பான கவசத்தில் அது கறை. பாதி காய்ந்ததைத் தொட்டால் வளையம் விழும்: ஓரம் முதலில் காய்கிறது, நடுவிலிருக்கும் நீர் நிறமியைச் சுமந்துகொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. அதனால் நுல்ன் ஆயிலையோ (கறுப்பு வாஷ்) டிராகன்ஹாஃப் நைட்ஷேடையோ (நீல வாஷ்) தகடுகளின் இடுக்கில் மட்டும் கோடாக விடுங்கள். வழிந்ததை ஈரப் பிரஷால் உடனே உறிஞ்சுங்கள், உடனே முடியாவிட்டால் காயட்டும், பிறகு மக்ராக் ப்ளூவால் சரிசெய்யலாம். 2019-இல் வந்த, ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் கான்ட்ராஸ்ட் வண்ணங்களுக்கும் இதே விதி. சுருக்கமுள்ள துணியில் அற்புதம், தட்டைத் தகட்டில் திட்டு.

ஹைலைட்டுக்கு கால்கர் ப்ளூ என்னும் வெளிர்நீலம். பிரஷின் நுனியால் அல்ல, பக்கவாட்டால் விளிம்பை வருடுங்கள், கோடு தானாக விழும். அளவு 1 பிரஷே போதும். ‘000’ வாங்கினால் வண்ணம் விளிம்புக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். மூலைகளிலும் கூர்முனைகளிலும் மட்டும் இன்னும் வெளிர்ந்த ஃபென்ரிஷியன் கிரே, புள்ளியாக.

இடது தோளில் அல்ட்ராமரீன் படையின் தலைகீழ் ஒமேகா (கிரேக்க எழுத்து) சின்னம். தண்ணீரில் நனைத்து ஒட்டும் தட்டையான ஸ்டிக்கர் உருண்டைத் தோளில் மடியாமல் உட்காராது, ஓரத்தில் இரண்டு மூன்று சின்ன வெட்டு போடுங்கள். முதலில் அந்த இடத்தில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளியாய் மின்னும். மைக்ரோ செட் (ஸ்டிக்கர் பிடிக்க உதவும் திரவம்) தடவி ஒட்டி, காய்ந்ததும் மைக்ரோ சால் (ஸ்டிக்கரை இளக்கும் திரவம்). சால் பட்டதும் ஸ்டிக்கர் சுருங்கி நெளியும், தொடாதீர்கள். காயும்போது தோளோடு இறுகிவிடும்.

பேஸுக்கு ஃபெவிகாலும் சலித்த மணலும் போதும். கடைசியாக அடிக்கும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரேயும் மழைநாளில் வெளுக்கும். வெளுத்துவிட்டால் மேலே கிளாஸ் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், காய்ந்தபின் நல்ல நாளில் மறுபடி மேட்.

அப்படியும் ஹைலைட் போடும்போதுதான் மோல்டு லைன் கண்ணில் பட்டதா? அந்தத் தகட்டில் மட்டும் பிளேடு முதுகால் பிளாஸ்டிக் வரை சுரண்டி, பிரஷ் பிரைமர் தொட்டு, மக்ராக் ப்ளூவை மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். ஓரங்கள் கலந்துவிடும். உருவம் முழுக்கக் கெட்டுப்போயிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்து டூத்பிரஷால் தேயுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் வீரனே கரைந்துவிடுவான். டெட்டாலிலும் வண்ணம் உரியும், ஆனால் ஊறியதைத் தண்ணீரில் காட்டினால் தார் போல ஒட்டிக்கொள்ளும். வண்ணம் முழுவதையும் டெட்டாலிலேயே தேய்த்தெடுத்து, புதுசாகக் கொஞ்சம் டெட்டால் ஊற்றி அலசி, அதன் பிறகே சோப்புத் தண்ணீர்.