தராசில் நிற்காத கங்காருக் குட்டி

கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். பத்து வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் ஆஸ்திரேலியாவை அறிமுகப்படுத்தலாம் என்று எண்ணி, கங்காரு, கோவாலா, வாம்பேட், எக்கிட்னா, பிளாட்டிபஸ், ஈமு, காசோவரி என்று கையில் கிடைத்த படங்களையெல்லாம் ஒரே பிற்பகலில் வரிசையாகக் காட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் வியப்பூட்டும் செய்தி ஒன்றைச் சொல்லி முடித்தேன். இருவரும் வாய்பிளந்து கேட்டார்கள். மறுநாள் காலையில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டபோது, "அங்கே எல்லாமே விஷம்" என்றான் மகன். "எல்லாவற்றுக்கும் வயிற்றில் பை இருக்கும்" என்றாள் மகள். இரண்டும் தவறு. குற்றம் அவர்களுடையது அன்று. பொருட்காட்சிக் கூடாரத்தில் இரட்டைத் தலைக் கன்றைக் காட்டுவதுபோல் நான் ஒரு கண்டத்தையே காட்டியிருந்தேன். கூடாரத்தை விட்டு வெளியே வருபவருக்கு வியப்பு மட்டுமே மிஞ்சும், ஏன் என்ற கேள்வி எழாது.

ஆகவே மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். வாரத்துக்கு ஒரு விலங்குக்கு மேல் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் கையால் செய்து பார்க்க ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். முதல் வாரம் விலங்கே இல்லை, நிலம் மட்டும்தான்.

சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் கிரீன்லாந்து ஆஸ்திரேலியாவைவிடப் பெரிதாகத் தெரிவதைப் பிள்ளைகள் கவனித்தார்கள். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது துருவத்தை ஒட்டிய நிலங்கள் ஊதிப் பெருத்துவிடுகின்றன என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, உலக உருண்டையின்மீது மெல்லிய தாளை வைத்து இரண்டையும் நகலெடுக்கச் சொல்வது எளிது. கிரீன்லாந்து ஏறத்தாழ 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆஸ்திரேலியா 76.9 லட்சம். வெட்டியெடுத்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்ததும், வரைபடம் பொய் சொல்கிறது என்று மகன் சத்தமாக அறிவித்தான். அந்த அளவு ஐயம் நல்லதுதான் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கண்டம் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. 1994ஆம் ஆண்டின் நிலையை வைத்து ஆஸ்திரேலியர்கள் பயன்படுத்திவந்த நில அளவை ஆயங்களை, அதாவது ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் எண்களை, நகர்வைக் கணக்கில் கொண்டு 2020ஆம் ஆண்டின் நிலைக்கு மாற்றியமைத்தபோது, வேறுபாடு ஏறத்தாழ 1.8 மீட்டராக இருந்தது. தரையில் அளவு நாடாவை 1.8 மீட்டர் நீளத்துக்கு விரித்து, இவ்வளவு தூரம் ஒரு நாடே நகர்ந்திருக்கிறது என்றேன். மகள் நாடாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிக மெதுவாக நடந்து பார்த்தாள்.

நகர்வு புரிந்த பிறகு கோண்டுவானாவைப் பற்றிப் பேசுவது எளிதாயிற்று. தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா அனைத்தும் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்த பெருநிலம் அது. மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் இலைப் புதைபடிவங்கள் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கின்றன. இதைச் சொன்னவுடன் மகள் கேட்ட கேள்வி, இந்த முயற்சி முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கேள்வி: "அப்படியானால் இந்தியாவில் ஏன் கங்காரு இல்லை?"

எனக்கு உடனே விடை தெரியவில்லை. தேடிப் படித்துவிட்டு மறுநாள் சொன்னேன். இந்தியா மிக முன்னதாகவே, 12 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து வடக்கே புறப்பட்டுவிட்டது. பையில் குட்டி வளர்க்கும் விலங்குகளின் முன்னோர்கள் அதற்கு வெகுகாலத்துக்குப் பின்னரே தென் அமெரிக்காவிலிருந்து, அப்போது பனி மூடாத காடாக இருந்த அண்டார்டிகா வழியாக, ஆஸ்திரேலியாவுக்கு நடந்து வந்திருக்கின்றன. அண்டார்டிகாவை ஒட்டிய சீமோர் தீவில் அத்தகைய விலங்கொன்றின் புதைபடிவம் கிடைத்ததாக 1982இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவிலிருந்து விலகிக் கடலில் தனித்துவிட, வந்து சேர்ந்தவை வேறு எவருடைய போட்டியும் அதிகமின்றிப் பல கோடி ஆண்டுகள் தம்போக்கில் பெருகிப் பலவிதமாக மாறின. அமெரிக்கக் கண்டங்களில் தங்கிவிட்ட உறவினர்கள் இன்றும் ஒப்போசம் என்ற பெயரில் அங்கே வாழ்கின்றன. "இந்தியா ரயிலைத் தவறவிட்டுவிட்டது" என்றாள் மகள். இந்தியாதான் ரயில், அது சீக்கிரம் கிளம்பிவிட்டது, கங்காருவின் பாட்டிதான் தாமதமாக வந்தாள் என்று திருத்தினேன்.

இரண்டாம் வாரம் கங்காரு. ஆண் செங்கங்காரு நன்கு வளர்ந்தால் 80 கிலோவைத் தாண்டும். ஒரே தாவலில் 8 மீட்டர்வரை கடக்கும். பிள்ளைகளை நிறுத்திவைத்தது அதுவன்று, பிறந்த குட்டியின் எடை. சுமார் 33 நாள் கருவில் இருந்துவிட்டு வெளியே வரும் குட்டி ஒரு கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். ஒரு கிராமுக்கும் குறைவு என்றால் எவ்வளவு என்று காட்ட, ஒரு நிலக்கடலைப் பருப்பைச் சமையலறை மின்தராசில் வைத்தோம். தராசு பூஜ்யத்தையே காட்டியது. தராசு கெட்டுவிட்டது என்று மகன் அதைத் தட்டினான். இன்னொன்று, இன்னொன்று என்று பத்துப் பருப்புகளை வைத்த பிறகு 5 என்ற எண் தோன்றியது. தராசின் கண்ணுக்கே படாத அந்த ஒற்றைப் பருப்பை மகள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இதற்குக் கால் இருக்குமா?" என்று கேட்டாள். முன்னங்கால்கள் மட்டும் உருப்படியாக இருக்கும், பின்னங்கால்கள் வெறும் மொட்டுகள், கண்கள் திறந்திருக்கா. அந்த நிலையிலேயே அது தாயின் உரோமத்தைப் பற்றிப் பற்றி, தாய் தூக்கிவிடாமலே, பைக்குள் ஏறிப் பால் காம்பைக் கவ்விக்கொள்கிறது.

கம்பளி ஒன்றை விரித்து, கண்ணைக் கட்டி, கால்களை அசைக்காமல் கைகளால் மட்டும் என் மடிவரை ஊர்ந்து வரச் சொன்னேன். மகன் பாதி வழியில் திசைமாறி நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு, பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று குட்டிக்கு யார் சொல்வார்கள் என்று கோபமாகக் கேட்டான். மோப்பம் வழிகாட்டுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. பைக்குள் ஒரு குட்டி காம்பைக் கவ்வியிருக்க, வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டி தலையை மட்டும் உள்ளே நுழைத்து வேறொரு காம்பில் குடிப்பதும் உண்டு. இருவருக்கும் இருவேறு வகைப் பாலைத் தாய் ஒரே நேரத்தில் சுரக்கிறாள். இதைக் கேட்டு மகள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

கங்காரு என்ற பெயரைப் பற்றி நான் இன்னொரு திருத்தமும் செய்ய வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் அந்த விலங்கின் பெயரைக் கேட்டபோது உள்ளூர்க்காரர் 'தெரியாது' என்ற பொருளில் 'கங்காரு' என்றார் என்னும் கதையை நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அது வெறும் கட்டுக்கதை. 1770இல் பவளத்திட்டில் மோதிச் சேதமடைந்த ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலைப் பழுதுபார்க்க வட குயின்ஸ்லாந்தின் ஆற்று முகத்தில் தங்கியிருந்தபோது, கூகு யிமிதிர் மொழி பேசும் மக்களிடமிருந்து கேட்டு எழுதிக்கொண்ட சொல் அது. அவர்கள் மொழியில் 'கங்குரு' என்பது ஒரு குறிப்பிட்ட வகைப் பெரிய கங்காருவின் பெயர். அதைவிடச் சுவையானது அதன் தொடர்ச்சி. 1788இல் சிட்னியில் குடியேறியவர்கள் அந்தச் சொல்லை அங்குள்ள மக்களிடம் சொன்னபோது அது அவர்களுக்குப் புரியவில்லை, ஏனென்றால் அவர்கள் மொழி வேறு. விலங்குகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் போலும் என்று நினைத்த ஒருவர், கப்பலில் வந்திறங்கிய பசுக்களைப் பார்த்து இவைதாம் கங்காருக்களா என்று கேட்டதாக வாட்கின் டென்ச் என்ற அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கண்டத்தில் ஒரு காலத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, இந்தப் பசுவைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எது விசித்திர விலங்கு என்பது யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதும் அவர்களுக்கு அப்போதே விளங்கிவிட்டது. சில நாள்களுக்குத் தெருவில் போகும் மாடுகள் எல்லாம் கங்காருவாயின.

வாத்துபோன்ற அலகுடைய பாலூட்டியான பிளாட்டிபஸுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதன் பதப்படுத்திய தோல் 1798இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. மறுஆண்டு அதை விவரித்து எழுதிய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை நாற்கால் விலங்கோடு யாரோ ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களோ என்று ஐயுற்றார். பெரியவர்கள் இதை நகைச்சுவையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அவர்மீது மதிப்புதான் கூடுகிறது. நம்ப முடியாததை உடனே நம்பாமல், ஆனால் தூக்கியும் எறியாமல், ஐயத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார். அது முட்டையிடுகிறதா என்ற சண்டை 1884இல் விலங்கியலாளர் வில்லியம் கால்டுவெல் நேரில் கண்டு தந்தியடிக்கும்வரை ஓயவில்லை. பழங்குடி மக்கள் அதைப் பல்லாண்டுகள் முன்பே சொல்லியிருந்தார்கள், கேட்டவர்கள்தாம் நம்பவில்லை.

நீருக்குள் மூழ்கும்போது அது கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்கிறது. மகனுக்கும் அப்படியே மூடிவிட்டு, வாளித் தண்ணீரில் கிடக்கும் கோலிக்குண்டுகளை எடுக்கச் சொன்னேன். தடவித் தடவி எடுத்தான். பிளாட்டிபஸின் அலகிலும் தொடுவுணர்வு உண்டு. அதோடு ஏறத்தாழ 40,000 மின்னுணர்விகளும் உண்டு, இறால் வாலை ஒருமுறை சொடுக்கும்போது அதன் தசையில் எழும் நுண்ணிய மின்சாரத்தைக்கூட அவை பிடித்துவிடும். மின்னுணர்வை விளையாட்டாகக் காட்ட எனக்கு எந்த வழியும் அகப்படவில்லை. நமக்கு இல்லாத புலன் ஒன்று இன்னொரு விலங்குக்கு இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். ஆண் பிளாட்டிபஸின் பின்னங்காலில் நச்சு முள் இருப்பதைக் கேட்டு மகன் நிறைவடைந்தான். அவனுடைய 'எல்லாமே விஷம்' கட்சிக்கு ஓர் உறுப்பினர் கிடைத்துவிட்டார்.

வளை தோண்டி வாழும் குட்டையான பை விலங்கு வாம்பேட். அதன் வாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் சாணம் கனசதுரக் கட்டிகளாக விழும் என்ற ஒரே செய்தியில் வீடு மூன்று நாள் சிரித்தது. குடல் சுவரின் நெகிழ்ச்சி சுற்றிலும் ஒரே அளவாக இல்லாததால் அந்த வடிவம் வருகிறது என்று சொல்லி, களிமண்ணை வெறும் கையால் அழுத்திக் கனசதுரம் செய்யச் சொன்னேன். எவருக்கும் கூர்மையான விளிம்பு வரவில்லை.

துயரமான செய்திகளைச் சொல்வதா வேண்டாமா என்று நான் நெடுநேரம் தயங்கினேன். டாஸ்மேனியப் புலி என்று அழைக்கப்பட்ட தைலசின் என்ற பை விலங்கு, ஆடுகளைக் கொல்கிறது என்ற பழியால் பரிசுப் பணம் வைத்து வேட்டையாடப்பட்டது. கடைசியாக அறியப்பட்ட ஒன்று 1936 செப்டம்பர் 7 அன்று ஹோபார்ட் விலங்கியல் பூங்காவில் இறந்தது. அதைப் பாதுகாக்கும் சட்டம் வந்து அப்போது 59 நாள்களே ஆகியிருந்தன. கூண்டுக்குள் அது நடமாடும் கறுப்பு வெள்ளைப் படக்காட்சியை ஒலியின்றி மூவரும் பார்த்தோம். அது தாடையை அகலமாகத் திறக்கும் இடத்தில் மகள் காட்சியை நிறுத்தி, 59 நாளைக் கையேட்டில் கழித்துப் பார்த்து, ஜூலை 10 என்று எழுதினாள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நானும் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முயல்களின் கதை அடுத்த நாள் வந்தது. 1859இல் வேட்டை விளையாட்டுக்காக விக்டோரியாவில் கொண்டுவந்து விடப்பட்ட இரண்டு டஜன் முயல்கள் பெருகிக் கண்டத்தையே மேய்ந்ததை, இரட்டிப்புக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். தாளில் இடம் போதவில்லை.

கடைசியாக, பறக்காத பெரிய பறவையான ஈமு. ஆண் ஈமு ஏறத்தாழ எட்டு வாரம் உணவைப் பெரும்பாலும் மறந்து கரும்பச்சை முட்டைகளை அடைகாக்கும் என்பதை நான் சொல்லி முடிப்பதற்குள், வானத்தில் இருக்கும் ஈமுவைப் பார்க்க வேண்டும் என்று இருவரும் அவசரப்பட்டார்கள். நாம் திரிசங்கு என்று அழைக்கும் தெற்குச் சிலுவையின் பக்கத்தில், பால்வீதியில் கரிய திட்டு ஒன்று உண்டு. அதைத் தலையாகவும், அங்கிருந்து நீளும் இருள் பட்டைகளைக் கழுத்தாகவும் உடலாகவும் கொண்டு ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலர் ஈமுவைக் காண்கிறார்கள். விண்மீன்களைக் கோத்து உருவம் காண்பதுதான் நமக்குப் பழக்கம். அவர்கள் விண்மீன்களுக்கு இடையிலுள்ள இருட்டில் காண்கிறார்கள்.

அன்று இரவு மொட்டை மாடிக்குப் போனோம். திரிசங்குவின் நான்கு விண்மீன்களும் தெற்கே தாழ்வாகத் தெரிந்தன. தெருவிளக்கின் வெளிச்சத்தில் பால்வீதியின் சுவடே இல்லை. கரிய திட்டு எங்கே இருக்க வேண்டும் என்று நான் விரலால் காட்ட முயன்று, காட்ட முடியாமல் தடுமாறினேன். மகன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, இருட்டாக இருப்பதுதானே ஈமு? அப்படியானால் இது ரொம்பப் பெரிய ஈமு" என்றான்.