எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

பீட்டர்ஸ்பர்க்கில் பழைய கட்டடங்களை அளந்து வரைபடமாக்கித் தரும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். புதுப்பிப்பு வேலை தொடங்கும் முன் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, எந்தப் பூச்சு எந்தக் காலத்தது என்றெல்லாம் பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. லேசர் ஸ்கேனர் இருக்கிறதுதான். ஆனாலும் பாதி நேரம் ஏணியில் நின்று விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டுதான் இருப்போம். பொள்ளென்று ஒலி வந்தால் பூச்சு செங்கலை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் தொழிலில் வேலை கொடுப்பவரிடம் முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கட்டடத்தை எந்த ஆண்டுக்குத் திருப்ப வேண்டும்? அரண்மனை என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜார் காலத்துக்கு. சுற்றுலாக்காரர்கள் டிக்கெட் வாங்குவதும் அதைப் பார்க்கத்தான். லுத்தரன் தேவாலயம், யூதர்களின் சினகாக், மசூதி, புத்த விகாரை என்று வரும்போது பதில் லேசில் கிடைப்பதில்லை. கட்டியவர்களின் சந்ததி ஊரில் இருக்காது. நடுவில் அறுபது, எழுபது வருடம் அந்தக் கட்டடம் வேறு எதுவாகவோ வாழ்ந்திருக்கும்.

நேவ்ஸ்கி பெருஞ்சாலையில் மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்துக்குள் நான்கைப் பார்த்துவிடலாம். 20ஆம் எண்ணில் டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபை. 22, 24க்கு நடுவே சற்று உள்வாங்கி நிற்பது ஜெர்மானிய லுத்தரன்களின் புனித பேதுரு ஆலயம். இன்னும் கொஞ்சம் போனால் கத்தோலிக்கர்களின் புனித கத்தரினாள் ஆலயம், அதைத் தாண்டி அதே சாரியில் இளநீல நிறத்தில் அர்மீனியர் ஆலயம். இதை வைத்து ஜார் ஆட்சியின் பெருந்தன்மையைப் புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பிற மதத்தார் தங்களுக்குள் வழிபட்டுக்கொள்ளலாம், ஆனால் ஆர்த்தடாக்ஸ்காரரைத் தங்கள் பக்கம் இழுக்கக் கூடாது என்ற சட்டம் 1905 வரை இருந்தது. யூதர்களுக்கு ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் 1869இல் சினகாக் கட்ட அனுமதி தந்தார். இடத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். கட்டி முடித்துத் திறந்தது 1893இல்.

சோவியத் ஆட்சி இவற்றை மூடிய முறையைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, எல்லாவற்றையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்று. தகர்த்தவை உண்டுதான். பலவற்றுக்கு வெடிமருந்தே தேவைப்படவில்லை. 1929 ஏப்ரலில் வந்த ஆணைப்படி, வழிபாட்டுக் கட்டடத்தைப் பயன்படுத்தக் குறைந்தது இருபது பேர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். கட்டடத்தின் பழுதுக்கும் வரிக்கும் அவர்கள்தான் ஜவாப்தாரி. அந்த இருபது பேரில் சிலர் கைதாகி, சிலர் பயந்து விலகிவிட்டால் கதை முடிந்தது. கட்டடம் ‘ஆளில்லாமல்’ அரசின் கைக்கு வந்துவிடும்.

புனித பேதுரு ஆலயம் அப்படித்தான் 1937 கிறிஸ்துமஸ் சமயத்தில் மூடப்பட்டது. அங்கே போதகர்களாக இருந்த பால் ரைஹெர்ட்டும் அவர் மகன் புரூனோவும் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1833 முதல் 1838 வரை கட்டப்பட்ட இதன் சிற்பி அலெக்சாண்டர் பிரியுல்லோவ். அவருடைய தம்பி கார்ல், பீடத்துக்கென்று சிலுவைக் காட்சியை வரைந்தார். அந்த ஓவியம் இப்போது பக்கத்திலேயே ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூடிய பிறகு கட்டடம் கிடங்கானது. 1958க்கும் 1962க்கும் நடுவில் உள்ளே நீச்சல் குளம் கட்டினார்கள். பெஞ்சுகள் இருந்த நடுக்கூடத்தில் 25 மீட்டர் கான்கிரீட் தொட்டி, பீடம் இருந்த பக்கத்தில் குதிக்கும் மேடை, பக்கவாட்டில் பார்வையாளர்களுக்குப் படிவரிசைகள்.

இதைக் கேட்டதும் எல்லோரும் தெய்வ நிந்தனை என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்கள் தொழில்காரர்களுக்கு முதலில் வேறு கவலை வரும். சூடான, குளோரின் கலந்த ஈரக்காற்று முப்பது வருடம் 19ஆம் நூற்றாண்டுச் செங்கல் சுவருக்குள் புகுந்துகொண்டே இருந்திருக்கிறது. வெளியே ஜனவரிக் குளிர். சுவருக்குள் போன ஈரம் வெளிப்பக்கத்தை நெருங்கும்போது உறைகிறது, விரிகிறது, பிறகு இளகுகிறது. ஒவ்வொரு குளிர்காலமும் இதே கதை. சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் பிற்காலத்தில் சிமென்ட் பூசியிருந்தால், காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தி மேலே பிளாஸ்டிக் உறையும் மாட்டிவிட்ட கதைதான். உப்பு பூக்கும், பூச்சு பாளம் பாளமாக விழும். நான் அளந்த கட்டடங்கள் பலவற்றில் நூற்றாண்டுப் பழமையைவிட இந்த இருபதாம் நூற்றாண்டு சிமென்ட்தான் அதிகம் கெடுத்திருந்தது.

1990களின் தொடக்கத்தில் ஆலயம் லுத்தரன்களிடம் திரும்பி வந்தது. குளத்தை என்ன செய்வது? தொட்டியை உடைத்து எடுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் தொட்டி கட்டடத்தோடு பிணைந்து கிடந்தது. உடைத்தால் அஸ்திவாரத்துக்கும் தூண்களுக்கும் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம், செலவு மறுபக்கம். கடைசியில் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புதிய தளம் போட்டார்கள். 1997 செப்டம்பரில் ஆலயம் மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது. இன்றைய தரை பழைய தரையைவிட ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

உள்ளே நுழைபவருக்கு ஏதோ ஒன்று இடறும், என்னவென்று சட்டென்று பிடிபடாது. தூண்கள் இருக்கவேண்டியதைவிடக் குட்டையாகத் தெரியும். மேல்மாடம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும். நாம் நிற்பது பிரியுல்லோவ் நினைத்த தரையில் இல்லை, அவர் காற்றுக்கென்று விட்டிருந்த இடத்தில். பக்கவாட்டில் நீச்சல் பார்வையாளர்களின் படிவரிசை இன்னும் இருக்கிறது. கீழே இறங்கிப் போனால் தொட்டியின் ஓடு பதித்த சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். தொட்டிக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே ஓடும் குறுகலான வழியில் மாட் லாம்ப் என்ற அமெரிக்க ஓவியர் சுவர்களில் வரைந்திருக்கிறார். ஓவியங்கள் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. என் தொழில் புத்தி ஓடுகளின் இணைப்புக் கோட்டிலேயே நின்றுவிட்டது. நல்ல நேரான வேலை. 1960களில் யாரோ ஒரு கொத்தனார் மட்டம் பிசகாமல் பதித்திருக்கிறார்.

அங்கே ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் இங்கேதான் நீந்தக் கற்றுக்கொண்டாராம். இப்போது இந்தச் சபையின் உறுப்பினர். “சங்கடமாக இல்லையா?” என்று கேட்டேன். “எதற்குச் சங்கடம்? தண்ணீர் நல்ல வெதுவெதுப்பாக இருக்கும்” என்றார். அவரைப் பொறுத்தவரை குளமும் கோவிலும் ஒரே விலாசம். இந்தக் கட்டடத்தை 1838க்குத் திருப்புவதென்றால் அவருடைய பிள்ளைப் பருவத்தையும் இடித்து வாரிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமான ஒன்று: குளம் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கட்டடம் 1990 வரை நின்றிருக்குமா என்பதே சந்தேகம். வெப்பமூட்டி, கூரை பார்த்து, தினமும் ஆள் நடமாடிய கட்டடம்தான் பிழைக்கும்.

இதை மற்ற இடங்களிலும் பார்க்கிறேன். இதே ஊரில் ‘பெட்ரோகிராத் பக்கம்’ என்ற பகுதியில் உள்ள மசூதி 1940இல் மூடப்பட்டு மருத்துவச் சாமான்களுக்குக் கிடங்கானது. இந்தோனேசிய அதிபர் சுகார்னோ 1956இல் லெனின்கிராடு (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) வந்துபோனதை ஒட்டி அது மறுபடி தொழுகைக்குத் திறந்தது. கட்டியபோதே அதன் முன்மாதிரி சமர்கண்டில் உள்ள தைமூரின் கல்லறை மண்டபம். பாலைவன ஊருக்குப் பொருந்திய அந்த நீலப் பீங்கான் குவிமாடத்தை நேவா நதிக்கரை ஈரத்தில் காப்பாற்றுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிற வேலை. ஊரின் ஸ்டாராயா தெரெவ்னியா பகுதியில் உள்ள புத்த விகாரையின் கதை இன்னும் விசித்திரம். அக்வான் தோர்ஜியெவ் என்ற, சைபீரியாவின் புரியாத்து இனத்து லாமாவின் முயற்சியில், பதிமூன்றாம் தலாய் லாமாவின் பண உதவியோடு 1909க்கும் 1915க்கும் இடையில் எழுந்தது. கண்ணாடி ஓவியங்களில் ஓவியர் நிக்கோலாய் ரோரிக்கின் கை உண்டு. ஜார்களின் ரோமானோவ் வம்சத்து 300ஆம் ஆண்டை ஒட்டி 1913இல் முதல் வழிபாடு நடந்தது. 1930களில் லாமாக்கள் கொல்லப்பட்டார்கள், தோர்ஜியெவ் 1938இல் சிறையில் இறந்தார். விகாரைக்குள் போர்க்காலத்தில் வானொலி நிலையம் வந்தது, பிறகு விலங்கியல் ஆய்வகம். 1990இல்தான் பௌத்தர்களிடம் திரும்பியது.

மாஸ்கோவில் மாலயா குரூசின்ஸ்காயா தெருவில் உள்ள கத்தோலிக்கப் பேராலயத்தை நான்கு மாடியாகவே பிரித்துவிட்டார்கள். 1938இல் மூடியதற்குப் பின், தொழில் வடிவமைப்பு நிறுவனம் ஒன்று அதில் குடியேறியது. மக்கள் 1989 டிசம்பரில் வாசல் படிக்கட்டிலேயே திருப்பலியைத் தொடங்கிவிட்டார்கள். நிறுவனம் முழுதாகக் காலி செய்ய 1996 ஆயிற்று. இங்கே நடுவில் போட்ட மாடிகளை எடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது, எடுத்தார்கள். 1999இல் மீண்டும் அர்ப்பணித்தார்கள். அங்கே ஒலிக்கும் பெரிய ஆர்கன் சுவிட்சர்லாந்தின் பாசல் பேராலயத்திலிருந்து வந்தது. ஆகவே எந்த ஆண்டு என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொதுவான விடை கிடையாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நடுவில் சேர்ந்த அடுக்கை அகற்றினால் கட்டடம் தாங்குமா, அதனால் யாருக்குப் பயன் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சில ஊர்களில் ஆண்டைவிட ஆள் பெரிய கேள்வியாகிவிடுகிறது. அரசிடம் உள்ள மதச் சொத்துகளை மத அமைப்புகளுக்குத் திருப்பித் தரும் கூட்டாட்சிச் சட்டம் 2010 நவம்பரில் வந்தது. கேட்க நியாயமாக இருக்கும். அதே சமயத்தில் கலினின்கிராடில், அதாவது பழைய ஜெர்மானிய கோனிக்ஸ்பெர்க்கில், என்ன நடந்தது? ஜெர்மானியர்கள் கட்டிய தேவாலயங்கள் பலவற்றை ஆர்த்தடாக்ஸ் சபைக்கு எழுதி வைத்தார்கள். கத்தோலிக்கர்களின் திருக்குடும்ப ஆலயமும் அதில் அடக்கம். அது இசையரங்காக இருந்துவந்தது. திருப்பித் தருவது என்ற பெயரில், என்றைக்குமே சொந்தமாக இல்லாதவர்களுக்குக் கொடுப்பது எந்தக் கணக்கு? அதே ஊரில் 1896இல் கட்டி 1938 நவம்பரில் நாஜிகள் எரித்த சினகாக்கை, அதே இடத்தில் பழைய தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2018இல் திறந்தார்கள். பொதுவாக நகலெடுத்த கட்டடம் என்றால் எனக்கு ஒவ்வாது. இங்கே நகல்தான் சரி. எரித்தவர்கள் வெறுமையாக விட்ட இடத்தை நிரப்ப வேறு எந்த வடிவத்தையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் தேநீர் வேளையில் ஓயாமல் நடக்கும் வழக்கு கிரோச்னயா தெருவின் புனித அன்னா ஆலயத்தைப் பற்றியது. அர்மீனியர் ஆலயத்தைக் கட்டிய யூரி ஃபெல்டன்தான் 1770களில் இதையும் கட்டினார். 1930களின் இறுதியில் ‘ஸ்பார்ட்டக்’ சினிமாக் கொட்டகை ஆனது. 2002 டிசம்பரில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. வெளிப்பக்கத்தை அழகாகச் சீர்செய்து கூரையும் போட்டிருக்கிறார்கள். உள்ளே தீ தின்ற சுவர்கள் அப்படியே, கரியும் வெந்த செங்கலுமாக. ஞாயிறு வழிபாடும் நடக்கிறது, மற்ற நாட்களில் கச்சேரி, கண்காட்சி. டிக்கெட் காசில்தான் செலவின் பெரும்பகுதி ஓடுகிறது என்பது யாருக்கும் புரியும்.

எங்கள் மூத்த கட்டடக்கலைஞர் அம்மாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. “புண்ணைக் கழுவாமல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஃபெல்டனுக்கு வெள்ளைச் சுவர்தான் அழகு. பூசி முடி” என்பார். அவர் சிறுமியாக இருந்தபோது ஸ்பார்ட்டக்கில் படம் பார்த்தவர், பேசும் உரிமை என்னைவிட அவருக்கு அதிகம். நான் கரியின் கட்சி. 1779க்குத் திருப்பினால், நடுவில் நடந்த எதுவும் நடக்காததுபோல் ஆகிவிடும் என்பேன். அவர் விடமாட்டார்.

“சரி, கரி இருக்கட்டும். வெந்த செங்கல் பொடிகிறதே, அதை எப்படி நிறுத்துவாய்?”

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தீப்பட்ட செங்கலின் மேல்தோல் இளகிவிடும். வெப்பமூட்டிய கூடம், நிறைந்த கூட்டம், மனித மூச்சின் ஈரம் எல்லாம் சேர்ந்து அதை உதிர்க்கும். உதிராமல் பிடித்து நிறுத்தச் சிலிக்கேட் கரைசலை ஊட்டலாம். அது ஆழமாக இறங்காமல் மேலோடு மட்டும் இறுகினால், பிறகு ஓடாகவே பெயர்ந்து விழும். சுவர் மூச்சுவிடவும் வேண்டும், நிறம் மாறவும் கூடாது. அப்படியானால் கரியைக் காப்பாற்ற ஆகும் செலவு, சுண்ணாம்பு பூசி வெள்ளையடிக்கும் செலவைத் தாண்டிவிடும். இதை ஒப்புக்கொண்டதும் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

“காக்கப்பட வேண்டியவை என்று பட்டியல் எழுதுவோமே, அதில் மாடிப்படி, இரும்புக் கிராதி, கதவு வரிசையில் கரி என்று ஒரு வரி எழுது பார்ப்போம். அளவு என்ன போடுவாய்? சதுர மீட்டரா, கிலோவா?”

சதுர மீட்டர்தான் என்றேன். தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.