மலாகா மலையில் அப்பாவின் காணி

அப்பா அம்மா ஸ்பெயினில் இருக்கிறார்கள் என்று சொன்னால் உடனே வருகிற பதில், ‘கொடுத்துவைத்தவர்கள்’. கேட்பவர் மனதில் கடற்கரை, குடை, வெயில். அவர்கள் இருக்கிற இடத்திலிருந்து கடல் தெரியும்தான், ஆனால் தூரத்தில், சஹாராவிலிருந்து தூசி வராத நாளில். மலாகாவுக்குக் கிழக்கே அக்சார்கியா என்றொரு மலைப்பகுதி. அங்கே வெள்ளையடித்த ஒரு கிராமத்துக்குக் கீழே, தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கி, இதற்கு மேல் கார் போகாது என்று இரண்டு மூன்று இடத்தில் நினைத்த பிறகுதான் வீடு வரும். பஸ் கிடையாது. பொதி வந்தால் கிராமத்து பாரில் கொடுத்துவிட்டுப் போவார்கள், நாமே போய் எடுக்க வேண்டும்.

வெயிலுக்காக அவர்கள் அங்கே போகவில்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் செம்மண் தோட்டத்தில் வளர்ந்தவர். லண்டனில் முப்பது வருடத்துக்கும் மேலாக மாடி வீட்டில் இருந்து, பால்கனித் தொட்டியில் மிளகாய் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொண்டவர். பென்ஷன் வந்த நேரமும், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட் நேரமும் ஒன்றாக அமைந்தன. 2020 முடிவதற்குள் ஸ்பெயினில் பதிந்து குடியேறிவிட்டால் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பழைய உரிமை அப்படியே இருக்கும், அதற்குப் பிறகு போனால் விசா. அவ்வளவுதான், இங்கே வீட்டை விற்று அங்கே காணி வாங்கிவிட்டார். மருத்துவச் செலவைப் பற்றித்தான் அண்ணாவும் நானும் பயந்தோம்; ஆனால் பிரிட்டிஷ் அரச ஓய்வூதியக்காரர்களுக்கு எஸ்1 என்றொரு படிவம் இருக்கிறது, அதைப் பதிந்தால் ஸ்பெயின் அரசு மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள், செலவை லண்டன் கட்டும். இப்போது அவர்களைப் பார்க்கப் போகிற நான்தான் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்று எண்ணிக்கொண்டு போகிற ஆள், அவர்கள் அங்கத்தைய வதிவிட அட்டை வைத்திருக்கிறவர்கள்.

அந்தக் காணியில் மாமரம் நிற்கிறது. ஐரோப்பாவில் மாம்பழமா என்று கேட்காதீர்கள், அக்சார்கியா முழுக்க மாவும் அவகாடோவும்தான். வடக்கே மலை குளிர்காற்றை மறைக்கிறது, தெற்கே கடல், அதனால் கீழ்ச்சரிவுகளில் உறைபனி விழுவது அபூர்வம். அதிகம் நடுகிற இனத்துக்குப் பெயர் ஆஸ்டின் இல்லை, ஓஸ்டீன். செப்டெம்பர், ஒக்டோபரில் பழுக்கும், ஊதா கலந்த சிவப்பு நிறம், நார் குறைவு. நல்ல பழம். அப்பாவுக்கு யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இல்லை என்ற குறை எப்போதும் உண்டு. ஒவ்வொரு பழத்தையும் வெட்டி, ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்து, ‘இனிப்பு இருக்கு, வாசம் காணாது’ என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம்.

மரம் என்றால் தண்ணீர். இதை நான் போய்ப் பார்க்கும்வரை சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பகுதிக்கு முக்கிய நீர் லா வின்யுவேலா அணை. வருடக்கணக்காக மழை பொய்த்து, 2024 தொடக்கத்தில் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. தோட்டங்களுக்கு அணைத் தண்ணீர் நின்றுபோனது, சில ஊர்களில் இரவில் வீட்டுக் குழாயையும் பூட்டினார்கள், அவகாடோ மரங்களை வெட்டிச் சாய்த்தவர்கள் பலர். அப்பா பவுசரில் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பி, இருட்டிய பிறகு டோர்ச் லைட்டோடு போய்ச் சொட்டுநீர்க் குழாயின் வால்வைத் திறப்பார். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, சொட்டு விழுகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். சுண்ணாம்பு அடைத்திருந்தால் சட்டைப் பையில் உள்ள ஊசியால் குத்திவிடுவார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரும் அதே நேரம் அவருடைய வால்வடியில் நிற்பார். இருவருக்கும் பொது மொழி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் தண்ணீரைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். 2025 மார்ச்சில் மழை கொட்டி அணை ஏறியபோது அப்பா எனக்கு அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தால் அணையைக் கட்டியதே அவர்தான் என்று நினைப்பீர்கள்.

அம்மா? தொலைபேசியில் ‘ஒரு குறையும் இல்லை’ என்பார். நேரில் போனால், பாத்திரம் கழுவும்போது மெல்ல ஆரம்பிக்கும். மார்கழி, தை மாதங்களில் வெளியே வெயில் காயும், வீட்டுக்குள்ளே கல்லும் டைல்ஸும் குளிரில் விறைக்கும், விறகு அடுப்பை மூட்டிக்கொண்டு ஓர் அறையிலேயே இருக்க வேண்டும். சமையல் காஸ் செம்மஞ்சள் நிற உருளையில் வருகிறது, உள்ளே காஸ் மட்டும் 12.5 கிலோ, இரும்பின் எடை தனி. அப்பா இல்லாத நேரம் காஸ் தீர்ந்துபோனால் அம்மாவால் உருளையை மாற்ற முடியாது. எல்லாவற்றுக்கும் மேலே கார். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. ‘உவருக்குக் கண் தெரியாமல் போனால் நான் என்ன, மாமரத்தோடயா கதைக்கிறது?’ என்றார் போன முறை. நியாயமான கேள்வி.

ஸ்பெயினில் 65 வயது தாண்டினால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. அப்பாவோடு நானும் போனேன். கண், காது எல்லாம் சரி. அப்புறம் ஒரு பெட்டி முன்னால் உட்கார வைத்தார்கள். இரண்டு கையிலும் இரண்டு பிடி, திரையில் வளைந்து வளைந்து ஓடுகிற இரண்டு பாதை, இரண்டு புள்ளியையும் பாதைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். விலகினால் பீப். வலது கை அழகாகப் போனது. இடது பக்கம் பீப், பீப், பீப். அப்பா வியர்த்துப்போனார். தேறிவிட்டார், ஆனால் திரும்பி வரும்போது வழக்கமான ‘இந்த ரோட்டெல்லாம் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்’ பேச்சு இல்லை.

அம்மா இதற்கெல்லாம் சாட்சி வைத்திருக்கிறார். மேலே ஓர் ஆங்கிலத் தம்பதி, பிரிட்டிஷ் லைசென்ஸை நேரத்துக்கு மாற்றாமல் விட்டதால் 2022 மே மாதத்திலிருந்து 2023 மார்ச்சில் இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வரும்வரை வண்டி எடுக்க முடியாமல் இருந்தார்களாம். பாணுக்கும் மருந்துக்கும் யாராவது வர வேண்டும். அவர்கள் நல்ல திடகாத்திரமானவர்கள் என்பதை அம்மா அழுத்திச் சொல்வார்.

அண்ணா எல்லாவற்றையும் விற்றுவிட்டு லண்டனுக்கு வரச் சொல்கிறான். அது நடக்கிற காரியமில்லை, வந்து எந்த வீட்டில் இருப்பார்கள் என்பதற்கும் அவனிடம் பதில் இல்லை. எனக்குச் சரியாகப் படுவது தோரே தெல் மார். கீழே கடற்கரை ஊர், பஸ் உண்டு, ஆஸ்பத்திரி பக்கத்தில், மாலையில் நடக்க நீளமான கடலோரப் பாதை, அம்மா தனியாகக் கடைக்குப் போய்வரலாம். அப்பா வேண்டுமானால் காலையில் தோட்டத்துக்குப் போய், இருட்டுமுன் திரும்பட்டும். அங்கே ஊர்க்காரர்கள் பலர் செய்வதே அதுதான், தோட்டம் மலையில், வீடு ஊருக்குள்.

சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது அப்பா பேசவில்லை. புட்டில் சம்பலைக் குழைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ‘பார்க்கிறதுக்குக் காசு கேட்கமாட்டாங்கள்தானே’ என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. செப்டெம்பரில் மாங்காய் பறிக்கும்போது போகிறேன், இரண்டு ஃபிளாட் பார்க்க வேண்டும், லிஃப்ட் இருப்பதாக. அம்மாவின் பட்டியலும் வந்துவிட்டது: வறுத்த மிளகாய்த்தூள், சிவப்பு அரிசி மா, கருவாடு. பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை, கருவாட்டுக்கு இல்லை. பெட்டியில் உடுப்புக்கு இடம் இருக்குமா என்பதுதான் சந்தேகம்.